வெடைக்கோழி முட்டையும் ஒரு கூட்டு வியாபாரமும்

கோழி வளர்ப்பில் என்ன பெரிய கணக்கு இருக்கிறது, குப்பையைக் கிளறித் தின்னும், முட்டை போடும், அடை படுக்கும், குஞ்சு பொரிக்கும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினொரு முட்டைகளால் இரண்டு வீடுகளுக்கு நடுவே பேச்சுவார்த்தை நின்றுபோன கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்த வீட்டில் கோழிகள் அப்பத்தாவுடையவை. அவருடைய பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் அப்பத்தாதான். நிலம் மகன் பெயரில், ரேஷன் கார்டு மருமகள் கையில். அப்பத்தாவின் கையில் சொந்தமாகப் புழங்கும் காசு என்றால் அது கோழிக் காசு மட்டும்தான். வெற்றிலை பாக்கு, பேத்திக்குத் திருவிழாவில் வளையல், கல்யாண வீட்டு மொய் எல்லாம் அதிலிருந்துதான்.

2024 பங்குனியில் அந்தக் காசுக்கு ஆபத்து வந்தது. வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான் (இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது, நோய்க்கு ஒட்டிக்கொண்டுவிட்டது). சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்ட கோழி மறுநாள் காலையில் பஞ்சாரத்துக்குள் விறைத்துக் கிடக்கும். ஒரு வாரத்தில் ஒன்பது கோழிகளும் போய்விட்டன. மிஞ்சியவை, மார்கழியில் பொரித்து மகள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்த குஞ்சுகளில் நான்கு. மூன்று பெட்டை, ஒரு சேவல். நாலும் ஒரே தாயின் பிள்ளைகள். மகள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

ஆனி பிறந்ததும் மூன்று வெடைக்கோழிகளும் அடுத்தடுத்து முட்டையிட ஆரம்பித்தன. கொண்டை சிவந்து, வைக்கோல் படப்புக்கும் குலுக்கைக்கும் நடுவே இடம் தேடி அலைந்து, கொக்கரித்து ஊரைக் கூட்டி இட்ட முதல் முட்டையைப் பார்த்துப் பேத்தி சிரித்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான்.

அப்பத்தா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு முட்டையைக்கூட விற்கவில்லை, வீட்டிலும் சமைக்க விடவில்லை. அந்த ஊரில் நாட்டுக்கோழி முட்டை ஒன்று 15 ரூபாய். அடுப்படிப் பரணில் ஓலைக் கொட்டானில் சேர்த்துக்கொண்டே வந்தார். ஒன்பது கோழியைப் பறிகொடுத்தவருக்கு ஒவ்வொரு முட்டையும் ஒரு கோழியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அடை வைக்கக் கோழி வேண்டுமே? வெடைக்கோழிகள் அப்போதுதான் இட ஆரம்பித்திருந்தன. அடை படுக்கும் குணம் இன்னும் வரவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு சிறுவிடைக் கோழி இருந்தது. நாலைந்து தடவை குஞ்சு பொரித்த அனுபவசாலி. அது ஆனிக் கடைசியில் அடை உட்கார்ந்தது. இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். முட்டை அப்பத்தாவுடையது, கோழி எதிர்வீட்டுடையது, பொரிக்கும் குஞ்சில் பாதிப் பாதி. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. பத்திரம் எழுதாத கூட்டு வியாபாரம். கிராமங்களில் ஆடும் கோழியும் இப்படித்தான் வாரத்துக்குக் கைமாறுகின்றன.

பதினொரு முட்டைகள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது சாங்கியம். பேத்தி தன் பங்குக்கு ஓர் உதவி செய்தாள். எச்சம் ஒட்டியிருந்த முட்டைகளை எல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவித் துணியால் பளபளவென்று துடைத்துக் கொடுத்தாள்.

இருபத்தோரு நாள் கழித்துக் கணக்கு இப்படி வந்தது. பொரித்தவை இரண்டு. ஒன்று அடையின் நடுவிலேயே வெடித்து நாறிவிட்டது. இரண்டில் குஞ்சு முக்கால்வாசி வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. மிச்சம் ஆறும் கூமுட்டை. ஆட்டினால் களக் களக் என்று சத்தம். பொரித்த இரண்டில் ஒன்று மூன்றாம் நாள் செத்தது.

இருக்கிற ஒரே குஞ்சை எப்படிப் பாதியாகப் பிரிப்பது?

எதிர்வீட்டு அம்மா நேரே வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். குழாயடியில் யாரிடமோ, "நல்ல முட்டைய பதினஞ்சு ரூவாய்க்கு வித்துப்புட்டு, கடை முட்டைய எங் கோழிக்கு வச்சிருக்காக. எங் கோழி மூணு வாரம் எரை தண்ணி இல்லாமக் கெடந்து ஓடாப் போச்சு" என்று சொல்லியிருக்கிறார். அது அன்று மாலையே அப்பத்தாவின் காதுக்கு வந்துவிட்டது.

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கடையில் வாங்கும் பண்ணை முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் பொரிக்காது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாமக்கல் பண்ணைகளில் கூண்டுகளில் பெட்டைகள் மட்டும்தான் இருக்கும், சேவலே கிடையாது. முட்டையிடக் கோழிக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. பழுப்பு ஓடு கொண்ட பண்ணை முட்டையை நாட்டுமுட்டை என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஆக, பொரிக்காத முட்டை என்றால் கடை முட்டை என்று ஒருவருக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் முப்பது வருஷம் எதிரெதிர் வாசலில் கோலம் போட்டவரைப் பற்றித் தோன்றியதுதான் அப்பத்தாவுக்குத் தாங்கவில்லை.

பத்தாம் நாள் அந்த ஒற்றைக் குஞ்சையும் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாகப் பிரிவினை வழக்கு அத்தோடு முடிந்தது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்பத்தா வெடைக்கோழிகளுக்குத் தடுப்பூசி கேட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போனார். போன இடத்தில் மனசு கேட்காமல் முட்டைக் கதையையும் கொட்டிவிட்டார். டாக்டர் சின்னப் பையன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார்.

முதல் விஷயம், கோழியின் வயசு. முதன்முதலாக இடும் முட்டை சின்னது, ஓடும் ஒரு சீராக இருக்காது, சில நேரம் இரட்டைக் கரு வரும். கரு கூடியிருந்தாலும் பொரிப்பது குறைவு. பொரித்தாலும் குஞ்சு சின்னதாக, வலு இல்லாமல் இருக்கும். பொரிக்கும்போது குஞ்சின் எடை முட்டையின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். முட்டை 30 கிராம் என்றால் குஞ்சு 20 கிராம். அது எப்படித் தாக்குப்பிடிக்கும்? இட ஆரம்பித்து ஒன்றரை மாதமாவது போகட்டும், முட்டை 40 கிராம் பக்கம் வரட்டும், அதற்குப் பிறகு அடைக்கு எடுங்கள் என்றார்.

இரண்டாவது, சேவலின் வயசு. ஆறு மாசச் சேவல் கூவும், பெட்டைகளைத் துரத்தும். துரத்துவது வேறு, முட்டையில் கரு கூடுவது வேறு. அது மட்டுமில்லாமல் அது கூடப் பிறந்த சேவல். உடன்பிறப்புக்குள் சேர்க்கை நடந்தால் கருவிலேயே சாவது அதிகமாகும்.

மூன்றாவது, முட்டையின் வயசு. முட்டையை இட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். பதினாறு, பதினேழு நாள் முட்டையெல்லாம் அந்தக் கொட்டானில் இருந்தது. அதுவும் அடுப்படிப் பரணில். அடை வைக்கப் போகும் முட்டையை 13 முதல் 18 டிகிரிக்குள் வைத்திருந்தால் கரு உறங்கிக் கிடக்கும். ஆனி மாசத்து அடுப்படிச் சூட்டில் உறங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் அரைகுறையாக விழித்துச் செத்துப்போகும்.

நான்காவது, கழுவியது. முட்டை ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றை மூடியபடி மேலே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. கோழி கொடுத்தனுப்பும் காப்பு அது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போகும். வெடித்த முட்டை அப்படி வெடித்திருக்கலாம். பேத்தி இதைக் கேட்டு அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

அப்பத்தா கேட்ட கேள்வி ஒன்றுதான். "வெளிய இருந்து பாத்தா எது நல்ல முட்டைன்னு தெரியுமா தம்பி?"

தெரியாது. அதுதான் இதில் உள்ள சிக்கல். அடை வைப்பதற்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாலும் கரு கூடியதா இல்லையா என்று தெரியாது. உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இருக்கும். எல்லா முட்டையிலும் இருக்கும். சேவல் சேராத முட்டையில் அது சின்னதாக, கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கரு கூடிய முட்டையில் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக, நடுவில் தெளிந்து சுற்றிலும் வளையம் போட்டிருக்கும். உடைத்த முட்டையை அடை வைக்க முடியாதே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கோழியின் முட்டைக்கும் தனி அடையாளம் உண்டு. ஒன்று சந்தன நிறம், ஒன்று நீளம், ஒன்று இளஞ்சிவப்பு. அநேகமாக அது மாறாது. ஆகவே கோழிக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்தால் அந்தக் கோழியின் மற்ற முட்டைகளைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை அப்பத்தா மூன்று முட்டைகளையும் ஓர் எவர்சில்வர் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. அந்த அம்மாவே வெளியே வந்தார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் மூன்றையும் தட்டில் உடைத்து ஊற்றினார். மூன்று மஞ்சள் கருவிலும் சின்னச் சின்னப் பொட்டு. வளையம் எதிலும் இல்லை.

"பாத்துக்க ஆத்தா. எங் கோழி முட்டைதான். எஞ் சேவலுதான் ஒப்புக்குச் சப்பாணி."

எதிர்வீட்டு அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள வாக்கா, வெங்காயம் அரிஞ்சு போட்டுப் பொரிச்சிருவோம்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை. கிராமத்தில் அது பெரும்பாலும் இப்படி வெங்காயத்தோடுதான் வரும் :-)

அதற்கப்புறம் நடந்தவைதான் முட்டை பொறுக்கும் பாடம்.

சின்னச் சேவலை விற்றாயிற்று. எதிர்வீட்டில் ஒரு சேவல் காலில் கயிறு கட்டியபடி நின்றது. கருப்பனுக்கு நேர்ந்துவிட்டது. ஒன்றரை வயது, நல்ல எடுப்பு, வேறு வம்சம். திருட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தெருவில் விடுவதே இல்லை. சாமி சேவலை இரவல் கொடுப்பது சாதாரண விஷயமில்லை. ஏதாவது ஆனால் சாமிக்கும் பதில் சொல்ல வேண்டும், புருஷனுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மா கொடுத்தார்.

இதற்கிடையே வெடைக்கோழிகள் ஒரு சுற்று இட்டு முடித்து ஒவ்வொன்றாக அடைக் குணம் காட்டின. முதல் அடையை நம்ப முடியாது, பாதியில் எழுந்து ஓடிவிடும் என்று அப்பத்தா மூன்றையும் தண்ணீரில் முக்கிக் கலைத்துவிட்டார். மறுபடி புரட்டாசியில் இட ஆரம்பித்தன. பேத்தி மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் பத்து முட்டை வைத்துப் பார்த்தாள். ஆனியில் பத்துக்கு 300 கிராம் காட்டிய தராசு இப்போது 400 கிராமைத் தொட்டது.

சேவல் வந்து சேர்ந்த முதல் பத்து நாள் முட்டைகளை அப்பத்தா சமையலுக்கும் விற்பனைக்கும் விட்டுவிட்டார். சேவல் சேர்ந்த இரண்டு மூன்று நாளிலேயே கரு கூடிய முட்டை வர ஆரம்பிக்கும், ஆனால் எல்லாக் கோழிக்கும் சேர்க்கை நடக்க அவகாசம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருமுறை சேர்ந்தால் இரண்டு வாரம் வரை அந்த வித்தைக் கோழி தன் உடம்புக்குள் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் தினமும் சேவல் கண்ணில் படாத கோழியும் கரு முட்டை இடுகிறது.

பதினோராம் நாள் கோழிக்கு ஒன்றாக மூன்று முட்டை உடைத்தார்கள். சந்தன நிறத்தில் வளையம். நீள முட்டையில் வளையம். இளஞ்சிவப்பு முட்டையில் அதே பழைய பொட்டு. அந்தக் கோழி சேவலைக் கண்டாலே கூரையில் ஏறிக்கொள்ளும். அதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். முட்டை வந்து சொன்ன பிறகுதான் அது அர்த்தமாயிற்று. அதன் முட்டைகள் கடைக்குப் போயின.

மிச்சம் இரண்டு கோழிகள். ஒரு வார முட்டை பத்து. மண்தொட்டியில் மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் மண்சட்டி வைத்து, சட்டிக்குள் உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தார்கள். முட்டையின் அகலப் பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருக்க வேண்டும். எச்சம் லேசாக ஒட்டியதைக் காய்ந்த துணியால் துடைத்தார்கள், கழுவவில்லை. பழசா புதுசா என்று தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டார்கள். இட்ட தேதியைப் பேத்தி பென்சிலால் ஓட்டில் எழுதினாள். பத்தில் ஒன்றின் ஓட்டில் வரி வரியாக மேடு. அதை ஒதுக்கியதும் ஒன்பது. ஒற்றைப்படை சாங்கியமும் தானாக வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பத்தா டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. கூர்மையான முட்டையில் சேவல் வரும், உருண்டை முட்டையில் பெட்டை வரும் என்பது அவர் மாமியார் காலத்துக் கணக்கு. கோழியில் ஆணா பெண்ணா என்பது பெட்டையிடமிருந்து வரும் கருவிலேயே முடிவாகிவிடுகிறது, ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியும், அப்பத்தா உருண்டையாகப் பார்த்துத்தான் நடுவில் அடுக்கினார்.

எதிர்வீட்டுச் சிறுவிடை புரட்டாசிக் கடைசியில் மறுபடி அடை உட்கார்ந்தது. ராத்திரி விளக்கு வைத்த பிறகு முட்டை வைத்தார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் ஆணியும் கரித்துண்டும் கூடையில் போட்டார்கள். ஐப்பசி மழை வரும் நேரம், இடிக்குக் குறைவில்லை. ஆணி இடியைத் தடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை. கூடையை ஒழுகாத மூலையில் வைத்திருந்தார்கள்.

ஏழாம் நாள் இரவு, செல்போன் டார்ச்சில் அட்டைக் குழாய் வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தார்கள். எட்டு முட்டைகளில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவே ஒரு கரும்புள்ளி. எதிர்வீட்டு அம்மா ஒரு முட்டையை வெகுநேரம் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோழி தன் முட்டையைத் தேடிக் கொத்தியபோதுதான் திருப்பி வைத்தார். வெறுமையாக இருந்த ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சுகள். ஒன்று மட்டும் ஓட்டிலேயே நின்றுவிட்டது.

ஏழு என்றால் மறுபடி பாகப் பிரிவினைப் பிரச்சினை. மூன்றரை மூன்றரையாகப் பிரிக்க முடியாது. பேத்திக்குத்தான் கவலை, மறுபடி பேச்சு நின்றுவிடுமோ என்று. அப்பத்தா யோசிக்கவே இல்லை. "ஓனக்கு நாலு, எனக்கு மூணு. கோழியும் ஓன்னுது, சேவலும் ஓன்னுது."

எதிர்வீட்டு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. போன தடவை பதினொரு முட்டை அப்பத்தாவுக்கு நட்டம், 165 ரூபாய், ஆகவே அவருக்குத்தான் நாலு என்றார். அப்பத்தா, அந்த மூன்று வாரம் உன் கோழி பட்டினி கிடந்ததற்கு யார் கணக்குச் சொல்வது என்றார். லாபத்தில் அதிகப் பங்கு வேண்டாம் என்று கூட்டாளிகள் இரண்டு பேரும் சண்டை போடும் வியாபாரத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது. கடைசியில் ஆளுக்கு மூன்று, ஏழாவது குஞ்சு கருப்பனுக்கு என்று முடிவாயிற்று. இரவல் போன சேவலுக்கு அடுத்த வருஷத்து வாரிசு.

ஏழாம் நாள் ஏழு குஞ்சுகளையும் கூடையில் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கிப் போய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தார்கள். பங்குனிப் பாடம் மறக்கவில்லை. அப்பத்தா உருண்டை முட்டையாகப் பொறுக்கியும் வளர்ந்து பார்த்தபோது நாலு சேவல், மூன்று பெட்டை. டாக்டரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

இப்போதும் அப்பத்தா அடை வைப்பதற்கு முன்னால் கோழிக்கு ஒரு முட்டை உடைத்துப் பார்க்கிறார். 15 ரூபாய் முட்டையை இப்படி வீணடிக்கிறீர்களே என்று மருமகள் கேட்டால், "எதுத்த வீட்டுல காட்டிட்டு வாறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போகிறார்.